பதினோராம் விதியும் கவ்வாத்து மலையும்

"ஒப்பீட்டுக் குழுவிலுள்ள பிள்ளையொன்று ஆய்வுக் காலத்தில் வேறெந்தச் சமநிலைப் பயிற்சியையும் பெற்றதாகத் தெரியவந்தால், அப்பிள்ளை உடனடியாக ஆய்விலிருந்து நீக்கப்படுவதோடு, வழங்கப்பட்ட உபகரணங்களும் மீளப்பெறப்படல் வேண்டும்."

இது எங்கள் ஆய்வுக் கைந்நூலின் பதினோராம் விதி. எழுத்துக்கு எழுத்து இன்றும் என்னால் சொல்ல முடியும். ஓய்வுபெற்ற பின் அயலவர்களின் பெயர்கள் மறந்து போகின்றன, விதிகள் மறப்பதில்லை. இயன்மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விதியும் பிள்ளையும் எதிரெதிரே நின்றால் எந்தப் பக்கம் போவது? நான் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதற்குள் என்னுடைய பிழையும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பதுளையில் ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் நான் வேலை செய்தேன். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குச் சமநிலைப் பலகையில் நின்று பழகுவது எவ்வளவு உதவுகிறது என்று பார்க்க, கொழும்பிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பலகை என்றால் அடியில் வளைவுக் கட்டை வைத்த சாதாரணப் பலகை, இரண்டு பக்கமும் ஆடும். பாதிப் பிள்ளைகளுக்குப் பலகைப் பயிற்சி. மற்றப் பாதிக்குக் கால் நீட்டி மடக்கும் வழக்கமான பயிற்சி மட்டும். இவர்கள்தான் ஒப்பீட்டுக் குழு. யார் எந்தப் பக்கம் என்பதை மூடிய கடித உறை தீர்மானித்தது. ஆய்வில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும், கால் வளர வளர, அளவெடுத்துச் செய்த கால் தாங்கிகள் இலவசமாக வந்தன. உண்மையைச் சொன்னால், தோட்டங்களிலிருந்து தாய்மார் வந்தது ஆய்வுக்காக அல்ல, அந்தத் தாங்கிகளுக்காக. அது இல்லாவிட்டால் குதிகால் தரையில் படாது. குதிநரம்பு இறுகி, ஏழெட்டு வயதில் நடக்க வேண்டிய பிள்ளை மறுபடி தவழத் தொடங்கிவிடும். ஆய்வுக்கு வெளியே தாங்கி வேண்டுமென்றால் ஒரு காத்திருப்புப் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் பதிந்த பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள், பட்டியல் அப்படியே இருக்கும்.

வாணிக்கு அப்போது ஆறு வயது. தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் அவளுடைய தாய் ராஜேஸ்வரி கொழுந்து பறித்தாள். உறையைத் திறந்தபோது வாணி ஒப்பீட்டுக் குழு என்று வந்தது. சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டியவன் நான்தான். "ஆய்வு முடியுமட்டும் வீட்டில வேற பயிற்சி, எண்ணெய், நாட்டு வைத்தியம் ஒண்டும் செய்யக் கூடாது, விளங்கினதோ?" என்று கேட்டேன். "வெளங்குதுங்க டொக்டர் ஐயா" என்று கையெழுத்து வைத்தாள். நான் டொக்டர் இல்லை என்று முதல் ஆண்டில் எல்லோரிடமும் திருத்திச் சொன்னேன். இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் மாதம் ஒரு கிளினிக் நாள். வாணியின் உள்ளங்கைகள் இரண்டிலும் கீறல்கள். சில பழையவை, சில நேற்றையவை. முழங்காலில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தவழுகிற பிள்ளைக்கு முழங்கால் முதலில் தேயும். நான் யோசிக்கவில்லை. அன்று வெளியே நீள வாங்குகளில் இருபது தாய்மார் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"என்ன இது? பிள்ளையைத் தவழ விட்டுட்டு வேலைக்குப் போறனீங்களோ?"

ராஜேஸ்வரி ஒரு கணம் மகளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க ஐயா. தவழ விட்டுட்டேன். இனிமே விட மாட்டேங்க."

"புள்ளைக் காம்பராவில விட ஏலாதோ?" தோட்டத்தில் வேலை நேரத்தில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு அதுதான் பெயர்.

"விடலாங்க. என் தப்புதான்."

அவ்வளவு விரைவாக ஒரு தாய் குற்றத்தை ஒப்புக்கொண்டால், உங்கள் பேனையைக் கீழே வையுங்கள். நான் வைக்கவில்லை. கோப்பில், அழியாத மையில், "வீட்டில் கவனிப்புக் குறைவு" என்று எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வரியும் அழகாகத்தான் இருந்தது.

அப்படி எழுதினால் பதினான்காம் விதியின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினேன். தோட்டச் சந்தியில் இறங்கி மேலே ஏறும்போது மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் தங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சப்பாத்தும் கைப்பையுமாக ஓர் ஆள் ஏறி வருவதைக் கண்டால் தோட்டத்தில் கேள்வி இல்லாமல் விடமாட்டார்கள்.

"யாருங்க ஐயா, இன்சூரன்சா?"

"இல்லை. வாணியின்ர வீடு எது?"

"ராசேஸ்வரி மகளா? வீட்டுல இல்லைங்களே. கவ்வாத்து மலையில நெரை புடிக்குது." சொன்ன பெண் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். "ஒத்தக் கொழுந்து இல்லாத மலையில தாயும் மகளும் தெனம் நெரை புடிக்கிறாங்க. கங்காணிக்கே கணக்குத் தெரியல."

அவர்களுடைய பேச்சை விளக்கிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடிகளை இடுப்புக்குக் கீழே மட்டமாக வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையில் சில மாதத்துக்குக் கொழுந்து இல்லை, ஆகவே ஆளும் இல்லை. நிரை என்பது ஒருத்திக்குப் பறிக்க ஒதுக்கப்படும் செடி வரிசை. அதைத்தான் அவர்கள் நெரை என்பார்கள். கங்காணி வேலையை மேற்பார்ப்பவர்.

லயத்துக்குப் பின்னால் அந்த மலை. இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவே வாணி நின்றாள். வெட்டிய செடிகளின் மேல்மட்டம் அவளுடைய இடுப்புக்குச் சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் கை வைத்திருந்தாள். முதுகில் ஒரு சின்னக் கூடை, அதன் கயிறு, பறிக்கும் பெண்கள் போடுவதுபோலவே, நெற்றிக்கு மேல் துணி மடித்து மாட்டியிருந்தது. கூடைக்குள் தாய் கொண்டுவந்த ஒரு பிடி கொழுந்தும் ஒரு கல்லும். நாலு எட்டுக் கீழே, சரிவில் தாய் நின்றாள்.

"கையை ஊனாத. தொட்டுக்க மட்டும் செய். செடி ஒடஞ்சா கங்காணிகிட்ட ஒன்னைத்தான் புடிச்சுக் குடுப்பேன்."

"குடு. நான் டொக்டர் ஐயாகிட்ட சொல்லுவேன்."

"அவருகிட்ட மட்டும் வாயத் தொறந்த, பல்லு இருக்காது."

அப்போதுதான் இருவரும் என்னைக் கண்டார்கள். ராஜேஸ்வரி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். கூடையைக் கழற்றப் பார்த்தாள், கயிறு நழுவி, கால் தாங்கியின் பட்டியில் சிக்கிக்கொண்டது. அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

"எழுதிறாதீங்க ஐயா. கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும். தாங்கியைப் புடுங்கிறாதீங்க. நா நிறுத்திடுறேன்."

"பிள்ளையை இறக்கி விடுங்கோ."

"ஐயா..."

"இறக்கி விடுங்கோ. நான் பார்க்க வேணும்."

இறக்கினாள். நான் பார்த்தது இதுதான். எங்கள் நிலையத்தில் இரும்புக் கம்பிகள் இரண்டு உண்டு. பிள்ளைகள் அவற்றைப் பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் கையில் தொங்கவிட்டு, காலைச் சும்மா இழுப்பார்கள். கம்பி அசையாது, எனவே கால் வேலை செய்யத் தேவையில்லை. தேயிலைச் செடி அப்படியில்லை. அழுத்தினால் வளையும். அழுத்தாவிட்டால் துணைக்கு இருக்கும். பிள்ளை தன் பாரத்தைத் தானே தாங்க வேண்டியிருந்தது. முதுகில் இருந்த சின்னப் பாரம் பின்னால் இழுக்க, அவள் தலையையும் மார்பையும் முன்னுக்குக் கொண்டுவந்தாள். வழமையாகப் பின்புறம் சாய்ந்து விழுகிற பிள்ளை. சரிவில் கீழ்நோக்கி நின்றதால், இறுகிய குதிகாலும் தரையில் படிந்திருந்தது. ஆய்வு வடிவமைத்தவர்கள் பலகையால் செய்ய முயன்ற மூன்று காரியங்களை, அதற்குப் பெயர் வைக்காமல், இவள் ஒரு வெட்டிய மலையில் செய்திருந்தாள். கீறல்கள் வெட்டுத் தண்டுகளில் கை பட்டதால் வந்தவை.

"இதை ஆர் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்லைங்க. நாங்க மொத மொத நெரைக்குப் போறப்ப எங்களையும் இப்படித்தான் நிக்க வைப்பாங்க. வெறுங்கூடைய மாட்டி, கீழ பாத்து நில்லுன்னுவாங்க. விழுந்தா சிரிப்பாங்க. ரெண்டு நாள்ல நின்னுருவோம். இவளுக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

வாணி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஒன்பது எண்ணும்வரை நின்றாள். லயத்துப் பெண்கள் மேலே வரிசையாக நின்று எண்ணியதில் பதினைந்து வந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பேசாமல் இருப்பது ஒன்று. அப்படி இருந்தால், பலகை தொடாத குழுவில் ஒரு பிள்ளை நன்றாக முன்னேறியதாகக் கணக்கு வரும். பலகையால் பயன் குறைவு என்று ஆய்வு பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி, நான் என்றும் பார்க்கப் போகாத ஊர்களில் பிள்ளைகளுக்குப் பலகை கிடைக்காமல் போகும். மற்றது, பதினோராம் விதி. அதன்படி தாங்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். தாய் செய்த நல்ல காரியத்துக்குத் தண்டனையாகப் பிள்ளை தவழும்.

ராஜேஸ்வரியிடம் நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. "நான் உள்ளதை எழுதுவன். தாங்கியைப் பற்றி எழுத்தில வருமட்டும் ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ" என்றேன். அவளுக்கு முதல் பாதி மட்டும் கேட்டிருக்க வேண்டும். நான் மலை இறங்கும் வரை திரும்பிப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நிலையத்துக்கு வந்து முதலில் என் அழகான வரியை வெட்டினேன். "கவனிப்புக் குறைவு" என்பதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் கையொப்பம், "பதிந்தவரின் தவறு" என்ற காரணம். அப்படித் திருத்துவதற்கும் விதி உண்டு. அதைப் பயன்படுத்தியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பிறகு கைந்நூலைத் திறந்து, எல்லோரும் நிறுத்திவிடுகிற இடத்தைத் தாண்டி வாசித்தேன். பதினோராம் விதியோடு மூடிவைத்துவிடுவது பொதுவான பழக்கம். இருபத்துமூன்றாம் விதிவரை போக வேண்டும்.

"ஒரு செயல் பயிற்சியா, அல்லது அக்குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையா என்பதில் சிகிச்சையாளருக்கு ஐயம் எழுமிடத்து, அவர் ஆலோசனைக் குழுவின் தீர்மானத்தை எழுத்துமூலம் கோருதல் வேண்டும். தீர்மானம் கிடைக்கும்வரை பிள்ளையின் நிலையும் அதற்கான வழங்கல்களும் மாறாதிருக்கும். அதன் அளவீடுகள் தனியே வைக்கப்படும்."

வாணியின் அளவீடுகளைத் தனி உறையில் இட்டு அரக்கு வைத்தேன். ஆய்வு இனிப் பொய் சொல்லாது. பிறகு கடிதம். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதினேன், கூடைக்குள் இருந்த கல் உட்பட. நிரையின் படமும் வரைந்தேன். இறுதியில் கேட்டேன்: கொழுந்து பறிப்பவரின் மகள் தேயிலை நிரையில் நிற்பது பயிற்சியா, அன்றாட வாழ்க்கையா? பயிற்சி என்றால், படிக்கட்டு உள்ள வீட்டில் வாழும் பிள்ளைகளையும் கடற்கரை மணலில் நடக்கும் பிள்ளைகளையும் அவ்வாறே கொள்ள வேண்டுமா? ஆலோசனைக் குழுவில் எட்டுப் பேர். தேயிலை நிரைக்குள் ஒருவராவது நின்றிருப்பாரா என்பது எனக்கு ஐயம். அந்தக் கேள்விக்கு அவர்கள் விரைவில் பதில் சொல்லமாட்டார்கள் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் கேள்வி நேர்மையானது. எனக்கும் பதில் தெரியாது. அந்த இரண்டும் சேர்ந்திருக்காவிட்டால் நான் அதை அனுப்பியிருக்கமாட்டேன்.

ஒரு மாதத்தில் கொழும்பிலிருந்து ஒருங்கிணைப்பாளர் வந்தார். கெட்டிக்காரப் பெண்மணி, நல்ல மருத்துவர், நேரம் குறைவு. வான் வண்டியிலிருந்து இறங்கும்போதே உதவியாளர் கையில் ஒரு வெறும் அட்டைப்பெட்டி இருந்தது. அன்று கிளினிக் நாள். ராஜேஸ்வரியும் வாணியும் வாங்கில் இருந்தார்கள். பெட்டியைக் கண்டதும் தாய் மகளின் காலைத் தன் சேலைத் தலைப்பால் மூடினாள்.

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். தமிழில் சொல்கிறேன்.

"இது தெளிவான மீறல். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

"ஐயம் என்றுதான் எழுதியிருக்கிறேன், டொக்டர்."

"உங்களுக்கு உண்மையிலேயே ஐயமா?"

"இருக்கிறது. உங்களுக்கு இல்லாவிட்டால் அதை எழுதித் தாருங்கள். தாங்கியை இப்போதே கழற்றுகிறேன்."

இருபத்துமூன்றாம் விதி இருந்த பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். தீர்மானம் குழுவினுடையது, அவருடையதல்ல. தன் பெயரில் எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு அது தெரியும், எனக்கு அது தெரியும் என்பதும் தெரியும். பேனையை எடுத்தார், மூடியைத் திறக்கவில்லை.

எங்கள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் விளங்காமல் ராஜேஸ்வரி எழுந்து வந்தாள். 

"தப்பு எம்மேலதாங்க அம்மா. எழுதிக்கிங்க. ஆனா புள்ள நின்னுச்சா, நிக்கலையான்னும் பாத்து எழுதிக்கிங்க."

நான் மொழிபெயர்த்தேன். கூட்டாமல் குறைக்காமல். ஒருங்கிணைப்பாளர் வாணியை வாங்கிலிருந்து இறக்கி, தரையில் நிறுத்திப் பார்த்தார். மெழுகிய சமதரை, தாங்கி போட்ட கால். வாணி நான்கு எண்ணும்வரை நின்றுவிட்டு, பின்னால் சாய்ந்து தாயின் கையில் விழுந்தாள்.

"இங்க செடி இல்லியே" என்றாள்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். தமிழ் அவருக்குக் கொஞ்சம் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வெறும் பெட்டி வெறும் பெட்டியாகவே வண்டியில் ஏறியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. குழு நிரையின் புகைப்படம் கேட்டது, அனுப்பினேன். சரிவின் அளவு கேட்டது, அளந்து அனுப்பினேன். தோட்ட நிர்வாகத்தின் கருத்தைக் கேட்டது. தொரை இரண்டு வரியில், பிள்ளை செடிக்குச் சேதம் விளைவிக்கவில்லை என்று எழுதித் தந்தார். குழுவில் இருவர் மாறினார்கள், புதியவர்கள் முதலிலிருந்து கேட்டார்கள். இடையில் ஆய்வே முடிந்து அறிக்கையும் வந்துவிட்டது. வாணியின் உறை திறக்கப்படவில்லை. ஆனால் தீர்மானம் கிடைக்கும்வரை வழங்கல்கள் மாறாதிருக்கும் என்று விதி சொல்கிறது. ஆய்வு முடிந்தால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அவளுடைய காலை அளந்து, கடித இலக்கத்தைக் குறிப்பிட்டு, புதிய தாங்கிக்கு விண்ணப்பித்தேன். ஒவ்வோர் ஆண்டும் வந்தது. களஞ்சியத்தில் இருந்தவருக்கு அது பிடிக்கவில்லை. மறுக்க அவரிடம் ஒரு காகிதமும் இருக்கவில்லை.

இதைச் சொல்லி நான் பெருமைப்படுவதாக நினைக்கலாம். பெருமைதான். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். ஆய்வு முடிந்ததும் மற்றப் பிள்ளைகளுக்குத் தாங்கிகள் நின்றன. ஹல்துமுல்லையிலிருந்து ஒரு தாய் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். "எங்க புள்ளைக்கு ஏங்க ஐயா இல்ல? நீங்க சொன்ன மாதிரி நாங்க ஒண்ணுமே செய்யாமதானே இருந்தோம்" என்றாள். அவள் சொன்னது சரி. ஐயம் எழுப்ப அவளுடைய கோப்பில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சொன்னபடி கேட்டவர்களுக்கு என்னிடம் விதி இருக்கவில்லை. அவளுடைய மகனைக் காத்திருப்புப் பட்டியலில் பதிந்தேன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மலை எது என்று கேட்டு, கூடையை எப்படி மாட்டுவது என்று காட்டினேன். ஆய்வு முடிந்துவிட்டதால் அதைத் தடுக்க விதியில்லை. பிறகு வந்த எல்லாத் தாய்மாருக்கும் அதைக் காட்டினேன். அவர்களில் பலர் என்னைவிட நன்றாகக் கூடை மாட்டினார்கள். செடி தாங்கியின் வேலையைச் செய்யாது. செய்யக்கூடியதைச் செய்தது. அந்தப் பையனுக்குத் தாங்கி வந்தபோது அவனுக்கு அது தேவைப்படும் வயது கடந்துவிட்டது.

அதனால் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. விதியை மீறாதீர்கள். பாதி விதியோடு நிற்கவும் வேண்டாம். உள்ளதை முழுக்க எழுதுங்கள், உங்கள் பிழையை முதலில் எழுதுங்கள். பிறகு, விடை தெரியாத கேள்வியைத் தெரியாது என்றே கேளுங்கள். இவ்வளவும் செய்த பின்னும் பக்கத்து வாங்கில் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லித் தர முடியாது.

வாணி மேல்வகுப்புக்குப் போனாள். பள்ளிக்கூடம் லயத்துக்கு மேலே, கல் படிகள் ஏறி. ஏறுவதைவிட இறங்குவது அவளுக்குச் சுலபம் என்பதால், காலையில் எல்லோருக்கும் கடைசியாகப் போய், மாலையில் எல்லோருக்கும் முதலாவதாக வீட்டுக்கு வருவாள் என்று தாய் சொல்லிச் சிரித்தாள். பதின்மூன்று வயதில் அளவெடுத்தபோது கால் ஏறக்குறைய வளர்ந்து முடிந்திருந்தது. இந்த ஜோடி போதும், இனி வேண்டியதில்லை என்று மருத்துவர் குறித்தார். அந்த ஜோடி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வாணி யாரையும் தொடவிடாமல் தானே பட்டியைப் பூட்டிக்கொண்டு, நிலையத்தின் முன்சரிவில் கீழ்நோக்கி நடந்து பஸ்ஸுக்குப் போனாள். "மெதுவா போடி, பஸ்ஸு ஓடிறாது" என்று ராஜேஸ்வரி பின்னால் ஓடினாள்.

அதற்கு அடுத்த வேலைநாளில் குழுவின் தீர்மானம் வந்தது, மூன்று வரி. தேயிலை நிரையில் நிற்பது அக்குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையே என்றும், பிள்ளையை நீக்க வேண்டியதில்லை என்றும், எனவே கோப்பு மூடப்பட்டு வழங்கல்கள் இன்றுடன் நிறுத்தப்படுகின்றன என்றும் இருந்தது. கிடைத்த கடிதங்களில் குத்தும் முத்திரையை எடுத்து அதன் மூலையில் நேராகக் குத்தினேன்: 2004 ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை.